துரை உட்காரச் சொன்ன நாள்

தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை. இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்குக் கீழே உள்ள நீர்த்தேக்கத்தில், தேயிலைத் தோட்டங்களை நடத்தும் துரைமார் தூண்டில் போட்டி வைத்தார்கள். எங்கள் துரைக்குத் துடுப்புப் போட என்னை அனுப்பினார்கள்.

“தொரைக்கு முன்னாடி ஒக்காந்துறாதடா,” என்று கங்காணி சொல்லித்தான் அனுப்பினார். தோட்டத்துச் சட்டம் தண்ணீருக்கும் உண்டு போல. அந்தச் சின்னப் படகில் நின்றுகொண்டே துடுப்புப் போட்டேன். துரைக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. தன் முன்னால் நாங்கள் நிற்பதைப் பார்த்தே பழகியவர்.

பெரிய கெண்டை ஒன்று மாட்டியது. துரை வெடுக்கென்று இழுத்தார். படகு ஆட, நான் அவர் மேலேயே விழுந்தேன். தூண்டிலின் தங்கூசி நூல் அறுந்து மீன் போய்விட்டது.

“மடையா, படகுல எவனாவது நிப்பானா? ஒக்காருடா!”

நான் வேலை பார்த்த காலம் முழுக்க, துரை என்னை உட்காரச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.