நாலு மணிக் கையெழுத்து

விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில், ஒவ்வொரு கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலும் ஒரு தாள் தொங்கும். மணிக்கு ஒரு கட்டம். சுத்தம் செய்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. அது மத்தியானம் வரை தங்கினால் அதிசயம், நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். துப்புரவு, சலவை, காவல் எல்லாவற்றையும் கான்ட்ராக்ட் எடுத்திருந்த கம்பெனிக்கு அங்கே நான்தான் மேனேஜர். புதிதாக வந்த திமிர் வேறு. கட்டம் காலியாக இருந்தால் கத்தித் தீர்த்துவிடுவேன்.

பெண்கள் வார்டைச் சுத்தம் செய்வது, ஊர்ப் பெயராலேயே எல்லோரும் கூப்பிடும் ஒலக்கூர் அக்கா. கழிப்பறைக்குச் சிவப்பு மாப், வார்டுக்கு நீலம் என்பதில் அவர் தவறவே மாட்டார். "ஈரம் காயட்டும், கொஞ்சம் நில்லுங்க டாக்டர்" என்று பெரிய டாக்டரையே நிறுத்துவார். ஒருநாள் என்னிடம் பேனா கேட்டு வந்தார். "காலைலயே எல்லாக் கட்டத்துலயும் போட்டுடுங்கக்கா, ஆள விடுங்க" என்றேன். பாவம், அப்படியே செய்தார்.

மறுவாரம் காலை பதினோரு மணிக்கு நர்சுகளுக்கெல்லாம் மேலான நர்சிங் மேடம் அந்தத் தாளைப் பார்த்தார். மாலை நாலு மணிக் கட்டத்தில் கையெழுத்து! "யாரு சொல்லி இப்படிப் போட்ட?" என்று என் எதிரிலேயே கேட்டார். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "நானாத்தான் மேடம் போட்டேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

நாளையிலிருந்து இந்த ஆள் வேண்டாம் என்று மருத்துவமனை சொல்லிவிட்டால் கம்பெனி மறுபேச்சுப் பேசாது; மேடம் அங்கேயே அப்படிச் சொல்லிவிட்டார். அக்காவின் வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து படுத்த பிறகு அந்தக் குடும்பமே அக்கா சம்பளத்தில்தான் ஓடியது. இரண்டு நாள் யார் யாருக்கோ போன் போட்டுக் கெஞ்சி, திண்டிவனத்தில் எங்கள் கம்பெனி பார்க்கும் இன்னொரு மருத்துவமனையில் அக்காவை வேலைக்குச் சேர்த்தேன். உண்மையைச் சொல்லத் துணியாதவனுக்குக் கெஞ்சவாவது தெரிந்தது.

இப்போது திண்டிவனமும் என் பொறுப்பில் இருக்கிறது. போன வாரம் அங்கே போனபோது, சாப்பாட்டு வேளையில் அக்கா அவித்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், தூக்கு மூடியில் கொட்டி என் பக்கம் தள்ளினார். இத்தனை வருஷம் கழித்துக் கேட்டே விட்டேன். "அன்னிக்கு ஏன்க்கா என் பேரச் சொல்லல?"

அக்கா தோலை உரித்துக்கொண்டே சிரித்தார். "சொல்லியிருந்தா உங்களையும் தொரத்தியிருப்பாங்க சார். ரெண்டு பேரும் வெளிய நின்னுக்கினு இருந்தா, எனக்கு வேல கேட்டு யாரு போன் போடுறது? நீங்க கை உட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

எனக்கே அது தெரியாது. அன்று மேடம் போனதும் நான் முதலில் தேடியது, மறுநாள் அந்த வார்டுக்கு அனுப்ப வேறோர் ஆளைத்தான். அதையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "துண்ணுங்க சார், ஆறிடப் போவுது" என்று அக்கா இன்னொரு பிடி அள்ளி என் கையில் வைத்தார்.