பிரெஞ்சு தெரிந்த நூற்றிருபது பேர்

2006 ஜூலையில் புதுச்சேரி சாரம் பகுதி ஹேமலதாவைப் பிடித்த பயத்துக்குப் பெரியாஸ்பத்திரியில்கூடப் படுக்கை போதாது. ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவைத் தனியாளாகப் பார்த்துவந்தவள் அவள். பாரிசின் காப்பீட்டு நிறுவனம் ஒன்று, பிரெஞ்சு படித்த பிள்ளைகள் எந்த ஊரில் அதிகமோ அங்கே அலுவலகம் திறக்கப்போகிறது என்று கேள்விப்பட்டாள். பதிவேட்டைப் புரட்டி, "இங்கே நூற்றிருபது பேருக்குப் பிரெஞ்சு தெரியும்" என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

பொய்யில்லை. நூற்றிருபது பேரும் பள்ளியில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவர்கள்தான். எதற்கு? மார்க்குக்கு! வாய் திறந்து ஒரு வாய்த் தண்ணீர் கேட்க ஒருத்தருக்கும் வராது.

நிறுவனம் நம்பிவிட்டது. அதன் சார்பில், பாரிசில் இருபது வருடம் இருந்த முதலியார்பேட்டைக்காரர் இராமதாஸ் நேர்காணலுக்கே வந்து இறங்கினார்.

"அவுரு வெறுங்கையோட திரும்புனாருன்னா நீயும் நாளைக்கு வர வேணாம்மா" என்றார் கல்லூரி முதல்வர் தெய்வசிகாமணி.

முதலில் மாணவி லமீஸ் உள்ளே போனாள். ஹேமலதா கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே ஒரே மௌனம். அதற்குள் கோயில் யானை கடற்கரைவரை போய்த் திரும்பியிருக்கும்.

வெளியே வந்த லமீஸ், "என்னமோ கேட்டாரு மேடம். பேப்பர்ல குடுத்தா எழுதிடுவேன். காதுல குடுத்தா எப்படி?" என்றாள்.

அடுத்துப் போன பிரேம்குமார் சிரித்துக்கொண்டே வந்தான். "பாடத்துல வர்ற லெட்டர அப்படியே ஒப்பிச்சிட்டேன் மேடம். அன்புள்ள மாமா, லீவுக்கு வரேன்னு."

"அவுருகிட்டயாடா?"

உள்ளேயிருந்து ஹேமலதாவை இராமதாஸ் கூப்பிட்டார்.

"ஒரு பொண்ணு ஊமை. ஒரு பையன் என்னைய மாமான்றான். என்னம்மா இது?"

பிள்ளைகளுக்குப் பதற்றம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அதையும் அவர் கண்டுபிடித்துவிட்டால்?

"பேச வராது சார். யாருக்குமே. மார்க்குக்குத்தான் எடுத்தாங்க. ஆனா படிப்பாங்க, எழுதுவாங்க. லிஸ்ட் அனுப்புனது நான்தான்."

அவர் பையிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் தன் விபத்தைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதிய கோணல்மாணல் கையெழுத்துக் கடிதத்தை எடுத்தார். "ஜெராக்ஸ் போட்டு எல்லாருக்கும் குடுங்க. விபத்து எப்படி நடந்துச்சுன்னு எழுதச் சொல்லுங்க."

அவர் திருத்தி முடிக்கும்வரை ஹேமலதா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்பத்திரண்டு பேர் சரியா புரிஞ்சிருக்காங்க. கடுதாசி வேலைக்கு இது போதும். ஆபீஸ் இங்கதான்" என்றார். "ஆனா வர்ற வருஷம் போன் வேலையும் வருது. அதுக்குள்ள இவங்கள பேச வைக்கிறது உங்க பொறுப்பு."

வெளியே ஒரே கூச்சல், துள்ளல். லமீஸ் ஓடிவந்தாள். "கெடச்சிடுச்சே மேடம், இன்னும் ஏன் நடுங்குறீங்க?"

"போடி! நாளையிலேருந்து எண்பத்திரண்டு வாயத் தொறக்கணுமே."