இரத்தினம்மா அக்கா பிடித்துக்கொண்ட அலைவரிசை

இரத்தினம்மா அக்காவின் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. தொண்ணூற்றொன்பதில் கொழும்பு வெள்ளவத்தை மாடிக்கட்டடம் ஒன்றில் எங்களுக்கு எதிர்வீடு. கனடாவிலிருந்து அவரது மகன் அனுப்பிய கோட்லெஸ் போனில் இரண்டு ரிசீவர்கள் இருந்தன. லைன் இல்லாமலே ஒன்றிலிருந்து மற்றதற்குக் கதைக்கலாம், பில் வராது. இப்படியொரு வசதியை இந்த மனுசியிடம் யாராவது கொடுப்பார்களா? ஒன்றைப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த சிநேகிதி கொன்ஸ்ரன்ஸிடம் கொடுத்துவிட்டார். அதன்பிறகு மீன் விலை முதல் ஊரார் மருமக்கள் வரை எல்லாம் காற்றில்தான்.

மேல்மாடி வரதராசா மாஸ்டரிடமும் அதே மாதிரிப் போன், அதே அலைவரிசை. இவர்கள் கதைத்தால் அவருடையது கரகரத்துச் செத்துப்போகும். யாழ்ப்பாணத்திலிருந்து கண் ஒப்பரேஷனுக்கு வந்து தங்கிவிட்டவர் அவர். மனைவி ஜெகதீஸ்வரியோ ஷெல் விழுகிற சாவகச்சேரியில், ஆடுகளை விட்டு வரமாட்டேன் என்று நின்றார். ஞாயிறு காலையில் ஜெகதீஸ்வரி அங்கே ஒரு கடையிலிருந்து போன் எடுப்பார். ஆமியிடம் பாஸ் எடுத்துக் கப்பலில் வா என்று மாஸ்டர் கெஞ்சுவார்.

ஞாயிறு காலையை மாஸ்டருக்கே விடுவதாக இரத்தினம்மா அக்கா பிள்ளையார்மேல் சத்தியம் பண்ணினார். ஆனால் பூசைக்குப் போய்வந்த கொன்ஸ்ரன்ஸின் ஊர்ப்புதினம் மத்தியானம் வரை பொறுக்குமா?

ஒரு ஞாயிறு மாஸ்டர் இறங்கிவந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

"என்ரை மனுசி எடுக்கிற நேரமெண்டு தெரியாதோ?"

"ஐயோ மாஸ்டர், இந்தா வைக்கிறன்."

வைத்ததும் அக்காவின் கையிலிருந்த ரிசீவரே அடித்தது. மேல்வீட்டு அழைப்பு! ஒரே அலைவரிசைப் போன்களுக்கு வீடு வாசல் தெரியாது. அக்கா பழக்கதோசத்தில் எடுத்துவிட்டார்.

"ஹலோ, சொல்லுங்கோ."

"ஆர் நீ? அவர் எங்கை?"

"மாஸ்டரோ? இஞ்சைதான் நிக்கிறார், குடுக்கிறன்."

மாஸ்டர் பறித்து எடுப்பதற்குள் மறுமுனை வைத்துவிட்டது. மனிதர் படியில் குந்தி அழுதார். எனக்கு அக்காவை அறையவேண்டும் போலிருந்தது. அடுத்த ஞாயிறும் அழைப்பு வரவில்லை. அக்கா ரிசீவரைத் தொடவே பயந்தார், இரண்டு நாள்.

பிறகொரு பின்னேரம் ஜெகதீஸ்வரி பெரிய பையோடு படியேறி வந்தார். ஆடுகளை விற்று, பாஸ் எடுத்து, கப்பலேறித் திருகோணமலை வழியாக. ஓடிவந்த புருஷனைச் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"எங்கை அவள்?"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இரத்தினம்மா அக்கா ரிசீவரும் காதுமாக நின்றார்.

"கொன்ஸ்ரன்ஸ், அவ வந்திட்டா! பிறகு எடுக்கிறன்."