சிங்க்கில் கொட்டிய மஞ்சள் கரைசல்

எங்கள் ஆய்வகத்தில் ஏதாவது கெட்டுப்போனால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. நன்றாக நடந்துவிட்டால்தான் வம்பு. யார் என்ன தில்லுமுல்லு செய்தார்கள் என்ற விசாரணை உடனே தொடங்கிவிடும். இந்தக் குணத்தை எங்களுக்கெல்லாம் தொற்ற வைத்தவர் என்னுடைய வழிகாட்டிப் பேராசிரியர். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பம் அவருடையது. படித்துப் பேராசிரியராகிப் பல காலம் ஆகியும், எதைக் கையில் கொடுத்தாலும் முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசவே தொடங்குவார். சட்டைப் பையில் எப்போதும் நாலு ஏலக்காய் கிடக்கும். ஒருவர் வேலையில் அவருக்குத் திருப்தி வந்துவிட்டால் அதில் ஒன்றை எடுத்து நீட்டுவார். எனக்கு அது கிடைத்ததே இல்லை.

நான் காமயகவுண்டன்பட்டிக்காரி. திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவள். தேனியை ஒட்டிய ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காக நான் செய்துகொண்டிருந்த வேலையைச் சொன்னால் ஊரில் யாருக்கும் விளங்காது, ஆனால் விஷயம் எளிதுதான். பிஸ்மத்தும் வனேடியமும் சேர்ந்த ஆக்சைடை ஒரு கண்ணாடித் தகட்டில் மெல்லிய மஞ்சள் படலமாகப் பூச வேண்டும்; பிலிம் என்போம். அதை உப்புக் கரைசலில் நிறுத்தி வெளிச்சம் காட்டினால் தகட்டில் மின்சாரம் ஓடும், தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும். வெயிலிலிருந்து எரிபொருள். மேடையில் பேச நன்றாக இருக்கும். என் மேசையில் நடந்தது வேறு. காலையில் ஜோராகத் தொடங்கும் மின்னோட்டம் மதியச் சாப்பாட்டுக்குள் படுத்துவிடும். தகட்டை எடுத்துப் பார்த்தால் மஞ்சள் வெளுத்துப்போயிருக்கும்.

அந்த மாதத்தோடு என் ஆய்வுத் திட்டத்தின் காலம் முடிகிறது. ஒரு பகல் முழுக்க வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்கும் தகடு ஒன்றைக் காட்டினால் சார் நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் பட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அந்த வார இறுதியில் திராட்சை வெட்டுக்கு ஊருக்குப் போயிருந்தேன். போகும் அவசரத்தில், செத்துப்போன பழைய தகடுகளையெல்லாம் கரைசல் இருந்த பீக்கரிலேயே போட்டுவிட்டேன். இரவுச் சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவதில்லையா, அப்படி. திங்கட்கிழமை வந்து பார்த்தால் கரண்ட் இல்லை. வாலை வடிநீர் எடுக்கும் இயந்திரம் ஓடவில்லை, கேனும் காலி. கரண்ட் வந்தபோது தண்ணீர் வடியும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. பழைய தகடுகளை எடுத்துப் போட்டுவிட்டு, அதே கரைசலை வடிகட்டி, புதிதாகச் செய்த தகட்டை அதில் இறக்கி விளக்கைப் போட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கணினித் திரையில் மின்னோட்டக் கோடு இறங்கவே இல்லை. பாய் விரித்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. மீட்டர் நின்றுபோயிருக்கும் என்று நினைத்து விளக்கை அட்டையால் மறைத்தேன். கோடு தரைக்கு விழுந்தது. அட்டையை எடுத்தேன், ஏறியது. மீட்டர் யோக்கியமாகத்தான் இருந்தது. ஒயர்களை ஆட்டிப் பார்த்தேன். கணினியை முறைத்தேன். கடைசியில் பக்கத்து மேசையில் காப்பர் ஆக்சைடு வேலை பார்க்கும் தேவதானப்பட்டிக்காரி மேல் என் பார்வை போயிற்று. என் தகடுகள் சாகும்போதெல்லாம் அவள் டீ வாங்கித் தருவாள். அந்த அன்பின் மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகக் கண் உண்டு.

“ஏன்டி, எம் பிலிமைத் தொட்டியா?”

“செத்தா என்னையக் கேக்க மாட்ட. பொழச்சா மட்டும் கேப்பியா?” என்றாள் தலையைத் தூக்காமல்.

மாலையில் சார் வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“இது யாரு செஞ்ச பிலிம்?”

“நாந்தான் சார்.”

பீக்கரைக் கழற்றி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கரைசலில் இளமஞ்சள் தெரிந்தது. அவர் முகம் மாறியது. போடிக் கடைகளில் ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்க, ஒரு பிடிக் காயைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். தண்ணீர் பச்சையானால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு மேல் பேச்சே கிடையாது. அந்தப் பார்வையைத்தான் சார் என் பீக்கர் மேல் வைத்தார்.

“தண்ணி மஞ்சளா இருக்கே ஆத்தா. சாயம்ல போகுது.”

“இல்ல சார், அது வந்து...”

“சாயம் போற சரக்க எங்க கடைவாசல்லயே ஏத்த மாட்டாக.”

சொல்லிக்கொண்டே கரைசலைச் சிங்க்கில் கொட்டிக் குழாயையும் திறந்துவிட்டார். தகட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். “நாளைக்குப் புதுக் கரைசல்ல, எங்கண்ணு முன்னால ஓட்டு,” என்றார்.

மறுநாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் மேசையருகே உட்கார்ந்தார். தெளிந்த புதுக் கரைசல், அதே முறையில் செய்த புதுத் தகடு. சாப்பாட்டு மணிக்கு முன்பே கோடு படுத்துவிட்டது. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குரலை இறக்கி, பரிவாகக் கேட்டார்.

“நேத்து என்னத்த வச்சு ஏமாத்துன?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் எழுந்து போனதும் பீக்கரைச் சிங்க்குக்குக் கொண்டுபோய், கண்ணாடி விரிசல் விடும் அளவுக்குத் தேய்த்துக் கழுவினேன். ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் மேல் ஆத்திரம், என் மேல் அதைவிட ஆத்திரம். நேற்றுத் தகடு தாக்குப்பிடித்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். நான் ஏமாற்றவில்லை. அப்படியானால் யார் ஏமாற்றியது?

சந்தேகப்பட ஆள் யாரும் மிச்சமில்லாததால் கரைசலைச் சந்தேகப்பட்டேன். நேற்று அது மஞ்சளாக இருந்தது. சார் சொன்ன மாதிரி புதுத் தகட்டிலிருந்து இறங்கிய மஞ்சளா அது? இல்லை. தகட்டை இறக்குவதற்கு முன், வடிகட்டும்போதே மஞ்சளாகத்தான் இருந்தது. செத்த தகடுகள் இரண்டு நாள் அதில் ஊறிக் கிடந்திருக்கின்றன. தகடு வெளுப்பதே அதிலுள்ள வனேடியம் கரைந்து வெளியேறுவதால்தான். கரைசல் ஏற்கெனவே வயிறு நிறைய வனேடியத்தைக் குடித்திருந்தால், புதுத் தகட்டிலிருந்து எதைப் பிடுங்கும்? உப்பு நிறைந்த தண்ணீரில் இன்னொரு கை உப்பைப் போட்டால் அடியில் அப்படியே கிடக்கும் அல்லவா?

தகட்டைக் காப்பாற்றியதே அந்த மஞ்சள்தான். அதைத்தான் சாயம் என்று சொல்லிச் சார் கொட்டினார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். தேவதானப்பட்டிக்காரி பயந்துபோய் டீ வாங்க எழுந்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் சாரின் அறைக்குப் போனேன்.

“சார், இன்னைக்குத் தண்ணி ஆரம்பத்துலயே மஞ்சளாத்தான் இருக்கும். நாந்தான் வனேடியத்தக் கரைச்சு வச்சிருக்கேன். வந்து பாருங்க.”

காரணத்தையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். “சாயத்த நீயே கலந்துட்டு அதுக்கு ஒரு கதையும் சொல்ற,” என்றார். ஆனால் வந்தார். பகல் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாக மேசையருகே உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட என் கை எங்கே போகிறது என்று பார்த்தார். மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிய பிறகும் கோடு நேராகவே ஓடியது.

கையெழுத்துப் போடுவார் என்று நின்றேன். ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, “நாளைக்கு நீ உள்ள வர வேணாம்,” என்றார்.

மறுநாள் தகட்டை அவரே செய்தார். வனேடியத்தை அவரே எடைபோட்டார், கரைசலை அவரே கலந்தார். என் வாழ்க்கையை வைத்து உள்ளே அவர் சோதனை நடத்த, நான் காலையிலிருந்து வராந்தாவில் வேற்று ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கோடு விழாமல் நின்றுவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். நின்றுவிட்டால் இவரை என்ன செய்வது என்றும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கதவு திறந்தது. சார் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி மலர்ந்திருந்தது.

“நிக்கிதுத்தா! அசையாம நிக்கிது!”

என்னை உள்ளே கூப்பிட்டு, நீட்டிப்புத் தாளில் என் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார். என் வேலை பிழைத்துவிட்டது. நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

“எங்கையில நின்னப்பயும் இப்படித்தான் சார் நின்னுச்சு. அப்ப நீங்க நம்பலியே.”

பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு ஒரு ஏலக்காயை எடுத்து என் பக்கம் நீட்டினார். பச்சைப் பசேலென்ற நல்ல கொழுத்த காய். இத்தனை நாள் அதற்காகத்தான் ஏங்கிக்கிடந்தேன்.

வாங்கிக்கொண்டேன். மேசையில் கழுவிக் கவிழ்த்திருந்த பீக்கரை நிமிர்த்தி, தண்ணீர் பிடித்து, அதை உள்ளே போட்டேன்.

“நாளைக்குச் சொல்றேன் சார்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து, பீக்கரை ஜன்னல் வெளிச்சம் படும் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.