லமினேற் செய்த பங்குப் பத்திரம்

பழுதடைந்த பங்குப் பத்திரம் பற்றி ஒரு பங்குதாரர் எழுத்தில் அறிவித்தால், கடிதம் கிடைத்து பதினைந்து வேலை நாட்களுக்குள் அவருக்கு எழுத்தில் பதில் அனுப்பப்படும். நிதிக் கம்பனி வெளியிட்ட பங்குதாரர் கையேட்டில், பதினோராம் பக்கத்தின் அடியில், இந்த விதி இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு முறையும் பிரெஞ்சில் ஒரு முறையும் அச்சிட்டிருந்தார்கள். இரண்டு மொழியிலும் அதை ஒரேயளவு சுலபமாக மீறலாம் என்பதை நான் பிறகுதான் அறிந்துகொண்டேன்.

அந்த விதி எந்தப் பத்திரத்துக்குப் பயன்பட்டிருக்க வேண்டுமோ, அது பல வருடங்களாக என் மேசையில் கிடக்கிறது. ஓரங்களில் வெளிறிய பச்சைப் பூவேலை, நடுவில் சாரங்களுக்கிடையே நிற்கும் பாதி கட்டிய கப்பல், கீழே தட்டச்சில் வெல்டர் அண்ணையின் முழுப்பெயர். கடந்த மாரிவரை முன்னும் பின்னும் தடித்த பிளாஸ்ரிக் இருந்தது. காலைக் கோப்பியை அதன்மேல்தான் வைத்துவந்தேன். ஒரு சொட்டுக் கறை பிடித்ததில்லை. மொன்றியலில் என்னிடம் உள்ள பொருட்களில் மிகச் சிறப்பாகப் பாதுகாக்கப்பட்டது அதுதான்.

வெல்டர் அண்ணை மன்னார்க்காரர். கொழும்புத் துறைமுகத்தில் வெல்டிங் பழகி, கனடாவுக்கு வந்தபின் சென் லோறன்ஸ் ஆற்றில் கீழே வெகுதூரத்தில் இருந்த ஒரு கப்பல் கட்டுந்தளத்தில் சில வருடம் வேலை செய்தார். கிழமை நாட்களில் அங்கேயே ஒரு அறையில் தங்கி, வெள்ளி பின்னேரம் பஸ் பிடித்து, மொன்றியலில் நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்ரென்ஷனுக்கு வருவார். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அந்தத் தளத்தின் பங்காகவே வாங்கினார். வேலைக்கு ஓர்டர் குறைந்து ஆட்களை நிறுத்தியபோது முதலில் நிறுத்தப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் வேலை. ஒரு விமானம் இறங்கி அடுத்த பயணத்துக்கு ஏறும் இடைவெளியில், முழங்காலில் நின்று, சீற்றுகளுக்கு அடியில் கிடக்கும் பிஸ்கட் துகள்களையும் பிள்ளைகளின் சப்பாத்துகளையும் பொறுக்கவேண்டும். அறுபத்திரண்டு வயதில் அவருடைய முழங்கால்கள் அதற்கு இணங்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பிறகும் பங்குகளை அவர் விற்கவில்லை. "நான் ஒட்டின இரும்பு, கிளாக்கர், அது பிரியாது" என்பார். நான் கொழும்பில் கம்பனிப் பதிவாளர் கந்தோரிலும், இங்கே டவுன்டவுனில் ஒரு காப்புறுதிக் கந்தோரின் கோப்புப் பிரிவிலும் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அதனால் அவருக்கு நான் எப்போதும் கிளாக்கர்தான்.

சனி காலைகளில் மெட்ரோ வாசலுக்கு எதிரே இருந்த டோனற் கடையில் சந்திப்போம். யாரோ விட்டுப்போன பத்திரிகையில் பங்குச் சந்தைப் பக்கத்தை விரித்து, அவர் தன் கப்பல் தளத்தைத் தேடுவார், நான் என் நிதிக் கம்பனியைத் தேடுவேன். வேறு கம்பனிகளின் பங்குப் பதிவேடுகளை வைத்துப் பராமரிப்பதும் அந்த நிதிக் கம்பனியின் தொழில்களில் ஒன்று. கப்பல் தளத்தின் பதிவேடும் அதனிடம்தான் இருந்தது. என்னிடம் அதன் பங்குகள் சிறிதளவு இருந்தன. ஒழுங்குமுறையில் நம்பிக்கையுள்ள ஒருவன் வேறு எதை வாங்குவான்?

"உங்கட கம்பனி என்னதான் செய்யுது, கிளாக்கர்? ஒரு ஆணி செய்யுதோ?"

"கடதாசியைக் கவனமா வைச்சிருக்குது, அண்ணை."

"அதுக்கோ லாபம்? நாங்கள் பனியில நிண்டு கப்பல் கட்டினம், லாபமில்லை. இவங்கள் பெட்டிக்குள்ள கடதாசி வைச்சிருக்கிறாங்கள், விலை ஏறுது."

விலை உண்மையாகவே ஏறிக்கொண்டுதான் இருந்தது.

பத்திரம் பிளாஸ்ரிக்குக்குள் போன கதை நம் ஆட்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பங்குத் தரகர் கணினியில் பங்கைப் பதிந்து வைக்கலாம் என்று சொன்னபோது வெல்டர் அண்ணை மறுத்து, கையில் பிடிக்கக்கூடிய கடதாசியாகக் கேட்டு வாங்கினார். அது தபாலில் வந்த அன்றே எங்கள் தெருமுனை டெப்பனர் கடைக்குக் கொண்டுபோனார். அந்தக் கடையை நடத்திய தம்பி பால், சிகரெட், லொத்தர் சீட்டுகளோடு ஒரு பழைய லமினேற் மெசினும் வைத்திருந்தார். அகதியாக வந்த ஒவ்வொருவரும் அந்த மெசினுக்கு முன்னால் ஒருநாளாவது நின்றிருக்கிறோம். திருமுழுக்குச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளித் தேர்ச்சி அறிக்கை, வதிவிட அனுமதிக் கடதாசி, எல்லாம் அதற்குள் நுழைந்து சூடாக வெளிவந்திருக்கின்றன. கடதாசி இல்லாமல் மூன்று நாடுகளின் வாசல்களில் நின்ற சனத்துக்கு, நனையாத கடதாசி என்பது சின்ன விடயமல்ல. வெல்டர் அண்ணை அதைக் கொண்டுவந்து என்னிடம் பெருமையாகக் காட்டியபோது, நான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பங்கைக் கைமாற்றும்போது கையெழுத்து வைக்கவேண்டிய கோடு அங்கேதான் இருந்தது. அதன்மேல் பளபளவென்று பிளாஸ்ரிக். அப்போதே சொல்லியிருக்கலாம். விற்கவே மாட்டேன் என்று நிற்கும் மனிதனிடம் விற்கும் முறையைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று விட்டுவிட்டேன்.

2005ஆம் ஆண்டுக் கடைசியில் வேறொரு கம்பனி அந்தத் தளத்தை வாங்க முன்வந்தது. பங்குகளைச் சந்தை விலையைவிடக் கூடக் கொடுத்து எடுப்பதாகவும், கையெழுத்திட்ட பத்திரங்களைப் பெப்ரவரி நடுப்பகுதிக்குள் ஒப்படைக்கவேண்டும் என்றும் அறிவித்தல் வந்தது. அன்று சனிக்கிழமையல்ல, ஆனாலும் வெல்டர் அண்ணை என் வீட்டுக் கதவைத் தட்டினார். சப்பாத்தில் பனி அப்பியிருந்தது. கதிரையில் அமர்ந்து முழங்கால்களைத் தடவியபடி, "இதைக் குடுத்திட்டு நிப்பாட்டப் போறன், கிளாக்கர். இனி அந்தப் பிளேனுக்குள்ள குனியேலாது" என்றார். தன் இரும்பு பிரியாது என்று சொன்ன மனிதர் அதை முதன்முறையாகக் கைவிடச் சம்மதித்திருந்தார்.

அடுத்த நாள் வங்கிக்குப் போனோம். விதிப்படி வங்கி உத்தியோகத்தர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர் அதை உறுதிப்படுத்தி முத்திரை குத்தவேண்டும். கவுண்டரில் இருந்த பெண்பிள்ளை மரியாதையாகப் பேனையை நீட்டினாள். வெல்டர் அண்ணை ஆறுதலாக, தன் முழுப்பெயரையும் எழுதினார். அவள் விரலால் தொட்டதும் பெயர் வழுகிப் போனது. மறுபடி எழுதினார். அதுவும் நீல ஈரமாய் ஓரத்துக்கு ஒதுங்கியது. "தெசோலே, மொசியூ" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாள். தன் பெயர் துடைபடுவதை இரண்டு தரம் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. அதில் கோபமில்லை. கிளாக்கர் இதற்கும் ஒரு வழி வைத்திருப்பான் என்ற நம்பிக்கை இருந்தது. அதுதான் மோசம்.

திரும்பும்போது டெப்பனரில் நின்றோம். தம்பி பத்திரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அண்ணை, இது என்ர பழைய மெசின். நடுவில சரியா ஒட்டியிருக்காது. கரையை வெட்டிப்போட்டு, தலை காயவைக்கிற மெசினாலை கொஞ்சம் சூடு காட்டினா உரிஞ்சு வரும்."

"நான் பாத்துச் செய்வன்" என்றார் வெல்டர் அண்ணை. "முப்பது வருசம் சூட்டோட வேலை செய்த கை. எவ்வளவு சூடு எண்டு எனக்குத் தெரியாதே?"

நான் மறித்தேன். வீட்டுக்குப் போய்க் கையேட்டை எடுத்துக்கொண்டு வந்து பதினோராம் பக்கத்தைக் காட்டினேன். பத்திரத்தில் அனுமதியின்றிக் கைவைத்தால் அதைத் திருத்தம் செய்த பத்திரமாகக் கருதி நிராகரிக்கலாம், முதலில் எழுத்தில் அறிவிக்கவேண்டும், அறிவுறுத்தல் வரும்வரை அதைத் தொடக்கூடாது என்றேன். இரண்டு மாதம் இருக்கிறது, பதினைந்து வேலை நாட்கள் எந்த மூலைக்கு என்றேன். தம்பி, "இவர் சட்டம் கதைக்கிறார், அண்ணை. எனக்கென்ன" என்று சிகரெட் வாங்க வந்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். வெல்டர் அண்ணை பத்திரத்தைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். "நீங்கள் சொல்லுறது சரியாத்தான் இருக்கும்" என்றார்.

நிதிக் கம்பனிக்கு முதல் கடிதத்தை அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்திர இலக்கம், பங்குதாரர் பெயர், பழுதின் தன்மை, கோரும் நிவாரணம், எல்லாம் இலக்கமிட்ட பந்திகளில் இருந்தன. அதைவிடச் சிறந்த கடிதத்தை நான் எழுதியதில்லை. பெற்றுக்கொண்டதற்கான அட்டை ஐந்தாம் நாள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பதினாறாவது வேலை நாளில் இரண்டாவது கடிதம், அதற்கும் அட்டை வந்தது. தொலைபேசியில் ஒரு குரல் என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு இசை போட்டது. மெட்ரோவில் டவுன்டவுன் போய், பங்குதாரர் சேவைக் கவுண்டர் இருந்த மாடிக்கு ஏறினேன். கவுண்டர் இருந்த இடத்தில் சுவரில் ஒரு பித்தளைப் பெட்டி இருந்தது. கடிதங்களை இதற்குள் இடவும் என்று எழுதியிருந்தது. மூன்றாவது கடிதத்தை அதற்குள் இட்டேன். அது விழும் சத்தம் கேட்கவில்லை.

எனக்கு இன்னொரு வழியும் தெரிந்திருந்தது. ஜனவரியில் நிதிக் கம்பனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. ஒரு பங்கு உள்ளவனுக்கும் அங்கே கேள்வி கேட்கும் உரிமை உண்டு. கழுத்தில் ரை கட்டிக்கொண்டு போனேன். தலைவர் அந்த வருட இலாபம் உயர்ந்ததற்கு முக்கிய காரணமாகச் செலவுக் குறைப்பைச் சொன்னார். கிளைக் கவுண்டர்களை மூடி, பங்குதாரர் கடிதங்களை எல்லாம் வேறொரு நகரத்தில் ஒரே இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். முந்திய வருடம் அந்தத் திட்டத்தை விளக்கி வந்த கடதாசியில் ஆதரவு என்ற பெட்டிக்குள் நானே அடையாளமிட்டு அனுப்பியது அப்போது நினைவுக்கு வந்தது. ஒலிவாங்கியின் முன் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் பதினோராம் பக்கத்தைச் சொல்லி, மூன்று கடிதங்களின் திகதிகளையும் வாசித்தேன். தலைவர் நல்ல மனிதர் போலச் சிரித்தார். இது அன்றாட நிர்வாகம் சார்ந்த விடயம், கதவடியில் நிற்கும் அம்மையாரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். அம்மையார் பெயரை எழுதிக்கொண்டு, தேநீரும் சின்னக் கேக்குகளும் பக்கத்து அறையில் இருப்பதாகச் சொன்னார். கேக் நன்றாகத்தான் இருந்தது.

பெப்ரவரி வந்தது. வெல்டர் அண்ணை ஒவ்வொரு சனியும் "கடிதம் ஏதும்?" என்று கேட்பார். நான் இல்லையென்று தலையாட்டுவேன். தவணைக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை மட்டும் அவர் இன்னொன்றும் கேட்டார்.

"கிளாக்கர், கோவிக்காதேங்கோ. கரையை வெட்டிப் பாப்பமே?"

"இவ்வளவு நாள் பொறுத்திட்டம், அண்ணை. இப்ப தொட்டா, பதில் வந்தாலும் செல்லாமல் போயிடும்."

அவர் மிச்சக் கோப்பியைக் குடித்து முடித்தார். தவணை முடிந்தது. வாங்க வந்த கம்பனி வந்து சேர்ந்த பங்குகளோடு கணக்கை முடித்துக்கொண்டது; மிஞ்சிய பங்குகளை வாங்க அதற்குப் பிறகு ஆளிருக்கவில்லை. தளம் மறுபடி இயங்கப்போவதாக ஒரு நம்பிக்கை இருந்தது. அடுத்த வருடம் தளம் கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போக, பத்திரிகையின் பங்குப் பக்கத்திலிருந்து தளத்தின் பெயரே மறைந்தது. வெல்டர் அண்ணை இன்னும் மூன்று வருடம் டோர்வலில் விமானங்களுக்குள் குனிந்தார். அந்த மூன்று வருடமும் நிதிக் கம்பனி என் பங்காதாயத்தைச் சொன்ன திகதி தவறாமல் அனுப்பியது. அந்த விதியில் மட்டும் அவர்கள் ஒருநாளும் பிந்தவில்லை.

பதில் வந்தபோது தவணை முடிந்து ஒரு மாதமாகியிருந்தது. ஒரு பக்கக் கடிதம். தாமதத்துக்கு வருந்தினார்கள். பிறகு இப்படி இருந்தது: பத்திரத்தின்மேல் உள்ள பிளாஸ்ரிக் உறையைப் பங்குதாரரே கவனமாக அகற்றிக்கொள்ளலாம், எழுத்துகள் தெளிவாக இருந்தால் கையெழுத்து ஏற்றுக்கொள்ளப்படும், இதற்கு எங்கள் முன் அனுமதி தேவையில்லை. நான் அதை மூன்று முறை வாசித்தேன். டெப்பனர்த் தம்பி அரை நிமிடத்தில் சொன்னதை அவர்கள் மூன்று மாதத்தில் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை வெல்டர் அண்ணையிடம் பதில் வந்துவிட்டது என்றேன்.

"என்ன எழுதியிருக்கிறாங்கள்?"

"பிந்தினதுக்கு மன்னிக்கச் சொல்லி எழுதியிருக்கினம்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். "பரவாயில்லை. நீங்கள் முறைப்படி செய்தனீங்கள்" என்றார். என் வாழ்க்கை முழுவதும் நான் கேட்க விரும்பிய பாராட்டு அது. அதைக் கேட்டுக்கொண்டு, கோப்பிக்கு நான் காசு கொடுத்தேன்.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் ரொறன்ரோவில் மகளோடு இருக்கப் போனார். புறப்படும் முன் பத்திரத்தை என்னிடம் தந்து, "உங்களிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்" என்றார். கடந்த மாரியில் ஒருநாள், பேத்தி விட்டுப்போன தலை காயவைக்கும் மெசின் கண்ணில் பட்டது. கத்தரிக்கோலால் ஒரு கரையை வெட்டி, சூடு காட்டினேன். தம்பி சொன்னது சரி, நடுவில் ஒட்டியிருக்கவேயில்லை. கோப்பி ஆறுவதற்குள் முழுவதும் உரிந்து வந்தது. கடதாசியில் ஒரு கீறல் இல்லை. பின்பக்கக் கோட்டில் பேனையால் என் பெயரை எழுதிப் பார்த்தேன். மை நன்றாகப் பிடித்தது.

வரும் கடிதங்களில் திகதி முத்திரை குத்துவது கந்தோர்க் காலத்திலிருந்து என் பழக்கம். நிதிக் கம்பனியின் கடிதத்திலும் குத்தியிருக்கிறேன். வெல்டர் அண்ணைக்கு வாசித்துக் காட்டாத அந்த மூன்று வரிகளுக்கு நேர் மேலே, சிவப்பு மையில், கொஞ்சம் சரிந்து இருக்கிறது: பெறப்பட்டது, 14 மார்ச் 2006.