இடப்பக்கத்து பிரேக்

என் மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய வலது காலில் இருந்துதான் தொடங்க வேண்டும். முகத்தில் என்ன இருக்கிறது? எல்லாருக்கும் உள்ள மூக்கும் முழியும்தான். இருபத்திரண்டு வருஷம் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது அந்தக் கால். எங்களைத் தலைகுனிய வைத்ததும் அதே கால்தான்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவர் வைத்திருக்கிற வண்டி பார்வைக்குச் சாதாரணக் கார். ஆனால் இடப்பக்கம், வாத்தியார் உட்காரும் சீட்டின் காலடியிலும் தனியாக ஒரு கிளச், ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் அங்கிருந்தே மிதித்து நிறுத்திவிடலாம்.

தெருவில் அவருக்கு ‘அரைக்கிளச்’ என்று பெயர். மேட்டில் வண்டி பின்னால் உருளப் பார்க்கும்போது, “அரைக் கிளச், அரைக் கிளச்… முழுசா விடாதீங்க… ம், இப்ப ஆக்சிலேட்டர்!” என்று அவர் கத்துவது அடுத்த தெரு வரை கேட்கும். கற்றுக்கொண்டு போனவர்களும் அவரை விடுவதில்லை. தட்டில் கை வைத்தால் போன் வரும்.

“சார், வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.”

“சாவி திருப்பினா என்ன சத்தம் வருது?”

“டிக் டிக்னு வருது சார்.”

“ஹெட்லைட் போட்டுப் பாருங்க. அழுது வடியுதா? அப்ப பேட்டரிதான். முனையில வெள்ளையா பூத்திருக்கும், சுரண்டிட்டு நல்லா இறுக்குங்க.”

இன்னொருவர் நடுரோட்டில் ஆவி பறக்கிறது என்று அலறுவார். “மூடியைத் திறந்துடாதீங்க, மூஞ்சி வெந்துடும். ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திட்டு அரை மணி நேரம் சும்மா உக்காருங்க. பக்கத்துல வீட்டுக்காரம்மா இருக்காங்கல்ல? ரொம்ப நாளாப் பேசாம விட்டதைப் பேசுங்க.” சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். நல்ல மனிதர். நான் மாமியார், என் வாயில் இருந்து இப்படி வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. இருபத்தோரு வருஷமாகத் தன் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். தொழிலுக்கு வந்த முதல் வருஷம், ஒரு மாணவர் பால்காரரின் சைக்கிளில் இடித்துவிட்டார். பால்காரருக்கு முழங்கை சிராய்ப்புதான். ஆனால் கூடிய கூட்டம் ஓட்டியவரை விட்டுவிட்டு வாத்தியாரை அறைந்தது. அன்றிலிருந்து அவருடைய வலது கால் அந்த இடப்பக்கத்து பிரேக்கை விட்டு நகர்ந்ததில்லை. எதிரே கோழி வந்தாலும் சரி, குழந்தை வந்தாலும் சரி, ஓட்டுகிறவர் யோசிப்பதற்குள் இவர் மிதித்துவிடுவார். அதுவும் எப்படி? பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாத மாதிரி, பூப்போல.

எனக்குத் தெரியும். பின்சீட்டில் இருந்தவள் நான். என் முட்டிக்கு வைத்தியம் பார்க்க வாரத்தில் மூன்று நாள் காலையில் போக வேண்டும். தனியாக அழைத்துப் போக யாருக்கு நேரம்? காலை வகுப்பு வண்டியிலேயே என்னையும் ஏற்றிக்கொள்வார்.

அப்போது கற்றுக்கொள்ள வந்தவள்தான் தையல்காரம்மா. நாற்பதை நெருங்கின பெண். பள்ளிச் சீருடை தைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் நடத்துனர் திட்டுகிறார், புருஷனைக் கேட்டால் நாளைக்கு என்கிறார் என்று பழைய கார் ஒன்றைப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தாள். ஊருக்கு வெளியே இரண்டு புதுக் கடைகள் அவளுக்கு ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தன. சரக்கை அவளே கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அதுதான் பேச்சு.

“அம்மா, நல்லா பிடிச்சுக்கோங்க. இன்னைக்கு நேர்த் தையல் போடப் போறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். கோணல்மாணலாகப் போகும். “இது பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற மாதிரில்ல இருக்கு” என்பேன். மூன்று பேரும் சிரிப்போம்.

முதல் வாரத்தில் மருமகன் அவளை பிரேக் பிடிக்கத்தான் சொன்னார். அவள் மிதித்த மிதியில் நான் முன்சீட்டில் போய் மோதினேன். முட்டி உயிர் போயிற்று. அப்போது நான் ஒன்று சொன்னேன். என் மகள் இதைச் சொல்ல வேண்டாம் என்கிறாள். சொல்லித்தான் ஆக வேண்டும். “மாப்பிள்ளை, பிரேக்கை மட்டும் நீங்களே பாத்துக்கோங்க. இந்த வயசுல என்னால குலுங்க முடியாது” என்றேன். அவர் மறு பேச்சுப் பேசவில்லை. அதன் பிறகு என் முட்டி ஒரு நாளும் இடிபடவில்லை.

தையல் மெஷினில் காலை எடுத்தால் ஊசி நிற்கும். இருபது வருஷமாக அந்தப் பெண்ணின் காலுக்குத் தெரிந்தது அதுதான். இங்கேயும் அவள் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுப்பாள், வண்டி நிற்கும். நிறுத்துவது இடப்பக்கத்துக் கால் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக வந்தேன். டெஸ்ட் நாளன்றும் வண்டி நடக்கிற வேகத்தில்தான் எட்டுப் போட்டது. அந்த வேகத்தில் காலை எடுத்து கிளச்சை அழுத்தினாலே வண்டி நின்றுவிடும், பிரேக் தேவைப்படவில்லை. லைசென்ஸ் வந்துவிட்டது. இனிப்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் வாங்கின பழைய வண்டியைச் சரிபார்த்துக் கொடுத்தவன் என் இளைய மகன். எங்கள் வீட்டை ஒட்டின கொட்டகையில் பட்டறை வைத்திருக்கிறான். பிரேக் கட்டையெல்லாம் புதிதாக மாற்றிக் கொடுத்தான். ஒன்பது நாள் அவள் சந்து பொந்துகளிலேயே முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஓட்டிப் பழகினாள். அந்த வேகத்தில் காலை எடுத்தாலே வண்டி தானாக அடங்கிவிடும். பத்தாம் நாள், சீருடை மூட்டையோடு முதன்முதலாகப் பெரிய ரோட்டில் ஏறியவள், மாவு மில்லின் இரும்புக் கதவில் நேராகப் போய் மோதினாள். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காவலாளி ஒரு நொடி முன்னால்தான் எழுந்து உள்ளே போயிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி நொறுங்கிப் போயிற்று.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து எங்கள் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். பின்னாலேயே அவளும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். நெற்றியில் வீக்கம்.

“நாற்காலி காலியா இருந்துச்சு சார்” என்றாள் என் மருமகனிடம். அதையே இரண்டு தரம் சொன்னாள். “நான் காலை எடுத்துட்டேன் சார். நிக்கும்னு நெனச்சேன். நிக்கவே இல்ல.”

அந்த வார்த்தை அவர் முகத்தில் விழுந்ததை நான் பார்த்தேன். அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனால் வாயில் இருந்து வேறு வந்தது.

“பிரேக் ஃபெயிலா இருக்கும்மா. ஆயில் கசிஞ்சிருக்கும்.”

என் மகன் ஸ்பானரைக் கீழே போட்டான். “என்ன மச்சான் சொல்றீங்க? போன வாரம்தான் என் கையால மாத்தினேன்.”

“மாத்தினதுலயும் சில சமயம்…”

“சில சமயமா? பாத்துடுவோம்.”

முன்மூடியைத் திறந்தான். பிரேக் ஆயில் டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே சரியாக நின்றது. நாலு சக்கரத்துக்கு உள்பக்கமும் துணியால் துடைத்துக் காட்டினான். ஈரம் இல்லை. அப்புறம் அவள் வீட்டுக்காரரையே உள்ளே உட்காரச் சொல்லி, “பெடலை அழுத்திப் பிடிங்க, முப்பது எண்ணுங்க. கீழ இறங்கிக்கிட்டே போனா கசியுதுன்னு அர்த்தம். பஞ்சு மாதிரி இருந்தா காத்து புகுந்திருக்கு” என்றான். அவர் சத்தமாக எண்ணினார். பெடல் கல் மாதிரி நின்றது. முன்பக்கம் நசுங்கினாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை; கடைசியில் என் மகனே அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துப் பக்கத்து மைதானத்தில் ஓட்டி ஒரே மிதி மிதித்தான். கிறீச்சென்று மிதித்த இடத்தில் நின்றது. மண்ணில் நான்கு கோடுகள்.

“போதுமா மச்சான்?” என்றான்.

மருமகன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். “அப்ப வண்டில தப்பில்ல. ஓட்டினவகிட்டதான் தப்பு.” என் மகன் கையில் இருந்த சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “போதும், நீ ஓட்டிக் கிழிச்சது. அந்தக் கடைக்காரங்களுக்குப் போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடு.”

அவள் என் மருமகனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தாள். அவர் மண்ணில் விழுந்த கோட்டைச் செருப்பால் அழித்துக்கொண்டிருந்தார். நானாவது சும்மா இருந்திருக்கலாம். தேநீர் டம்ளரை அவள் கையில் கொடுத்து, “பதட்டத்துல மறந்திருப்பே, விடும்மா. எல்லாருக்கும் எல்லாமும் வந்துடுமா?” என்றேன். அவள் தேநீரைக் குடிக்காமல் அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் என் காது சுடுகிறது.

அன்று மதியம் அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைக் கோடு கோடாகக் கீறிக்கொண்டிருந்தார். என் மகன் அடுப்படிக்கே வரவில்லை. “ரெண்டு பேரும் பேசிக்கல, என்னம்மா நடந்துச்சு?” என்று என் மகள் என்னைக் குடைந்தாள். அவள் தண்ணீர் எடுக்கப் போனதும் நான் கேட்டேன்.

“மாப்பிள்ளை, முதல் வாரத்துக்கு அப்புறம் அந்தப் பொண்ணு உங்க வண்டில ஒரு நாளாவது தானா நிறுத்தியிருக்கா?”

அவர் நிமிரவில்லை. “நீங்க பின்னாடி தூங்கிட்டு வரீங்கன்னு நெனச்சேன் அத்தை.”

“கண்ணை மூடினா தூக்கமா? யார் காலு மிதிக்குதுன்னு என் முட்டி சொல்லும்.”

“அப்ப உங்களுக்கும் தெரியும்.”

“தெரியும். நான்தானே சொன்னேன், நீங்களே பாத்துக்கோங்கன்னு.”

“நீங்க சொல்லலேன்னாலும் நான் அதைத்தான் செஞ்சிருப்பேன்” என்றார். “எல்லாருக்கும் அதைத்தான் செய்றேன். கீறல் விழக் கூடாதுல்ல.” கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கே அருவருப்பாக இருந்தது போல முகத்தைச் சுளித்தார்.

மறுநாள் காலை, கடை திறக்கும் நேரத்துக்குத் தையல்காரம்மா வீட்டுக்குப் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அழைத்துக்கொண்டு போனார். போகிற வழியில் பட்டறையில் நின்று என் மகனையும் கூப்பிட்டார். “மாப்பிள்ளை, நேத்து உன் தொழிலைக் குறை சொன்னேன். வா, அங்க வச்சே திருப்பிச் சொல்றேன்.” அவன் முறைத்தான், ஆனால் வந்தான்.

முன்னறையில் தையல் மெஷின். பக்கத்தில் அந்தச் சீருடை மூட்டை பிரிக்காமல் கிடந்தது. அவள் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மருமகன் உட்காரவில்லை.

“சார், தப்பு உங்க வீட்டம்மா மேல இல்ல. வண்டி மேலயும் இல்ல, இவன் மேலயும் இல்ல. முதல் வாரம் தவிர பாடம் எடுத்த அத்தனை நாளும் பிரேக்கை நான்தான் மிதிச்சேன். அவங்களுக்குத் தெரியாம மிதிச்சேன். காலை எடுத்தா வண்டி நிக்கும்னு அவங்களுக்குக் கத்துக்கொடுத்தது நான்.”

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முட்டியைக் காட்டித் தப்பித்திருக்கலாம். நானே சொன்னேன். சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த அளவு நாடாவைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் வீட்டுக்காரர், “இதை நேத்தே சொல்றதுக்கு என்ன?” என்றார்.

“வெக்கமா இருந்துச்சு.”

“உங்களுக்கு வெக்கம், அவளுக்கு நெத்தில அடி.”

அவள் புருஷனிடம் கையை நீட்டினாள். அவர் ஒரு கணம் தயங்கினார். அப்புறம் பையில் இருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே என் மருமகனிடம், “மறுபடியும் சொல்லிக் கொடுங்க சார். ஆனா உங்க வண்டில இல்ல. என் வண்டில” என்றாள்.

அவளுடைய வண்டியில் இடப்பக்கம் மிதிக்க ஒன்றும் இல்லை. மைதானத்தில் முதல் நாள் அவர் கால் கீழே கிடந்த விரிப்பை மிதி மிதியென்று மிதித்தது. “சார், தரை ஓட்டையாயிடும்” என்றாள் அவள். சிரிக்கவில்லை. அவர் இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டார். நூறு அடி தள்ளி ஒரு காலி டின்னை வைத்து, அதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். ஆறு டின் நசுங்கியது. ஏழாவதற்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

அவள் கதவைத் திறந்து இறங்கி, டின்னுக்கும் வண்டிக்கும் நடுவில் கையை வைத்து அளந்து பார்த்தாள். திரும்பி வந்து கேட்டாள்:

“சார், எனக்கு முன்னாடி கத்துக்கிட்டவங்க எல்லாம்?”

அவர் மடித்து வைத்திருந்த காலை மெல்லக் கீழே இறக்கினார்.

மறுநாளில் இருந்து பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, மாணவர் பெயர் எழுதின பழைய நோட்டுகளை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொருவராகப் போன் செய்யத் தொடங்கினார். எனக்கு எழுத்துத் தெரியாது; அவர் விரல் ஒரு வரியில் இருந்து அடுத்த வரிக்கு இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். “நான் அரைக்கிளச் பேசறேன்” என்றால் பலர் சிரிப்பது பக்கத்தில் இருக்கிற எனக்கே கேட்கும். எப்படி பிரேக் பிடிக்கிறீங்க என்று கேட்டால், “என்ன சார், இத்தனை வருஷம் கழிச்சு டெஸ்ட்டா?” என்பார்கள். சிலர் முழுதாகக் கேட்காமலே வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து சொல்வார்: நான்தான் மிதிச்சேன், உங்களுக்குத் தெரியாம.

மூன்றாம் நாள் ஒரு அம்மாள் எடுத்தார். குரலில் வயது தெரிந்தது. மருமகன் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு, “வண்டிய வித்துட்டேன் தம்பி. வாங்கின மாசமே ஒரு மரத்துல மோதிட்டேன். என் பையன் சொன்னான், உனக்கெல்லாம் இது வராதும்மான்னு. நானும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன், இத்தனை வருஷமா” என்றார்.

மருமகன் போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்துக்கொண்டார்.

“அம்மா, உங்க வீடு எங்க இருக்கு?” என்றார். “உங்க பையன் வீட்டுல இருக்கிற நேரமாச் சொல்லுங்க. நான் வரேன்.”