வீட்டு ஆள் கையெழுத்து

மனநல அவசரப் பிரிவுல பதினேழு வருஷமா குப்பை கொட்டுறாங்க நம்ம டாக்டரம்மா. ரெண்டு பூட்டுக் கதவு, திறக்காத ஜன்னல், யாரும் தூக்கி அடிக்கக் கூடாதுன்னு தரையோட போல்ட் போட்ட நாற்காலி. டியூட்டி டாக்டர் சாவியை அடுத்த டாக்டர் கையில குடுக்காம வாசல் தாண்டக் கூடாது. அந்த அடுத்த மகராசன் என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கார்? நோயாளியாவது ஒரு நாள் வெளிய போவான், நமக்குத்தான் விடுதலை கிடையாதுன்னு நர்ஸ்கிட்ட அலுத்துக்குவாங்க.

அன்னைக்கு மத்தியானம் போலீஸ்காரர் ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தார். பாலத்துச் சுவர் மேல ஏறி நின்னானாம். டாக்டரம்மா கேஸ் ஷீட்டோட நிமிர்ந்து பார்த்தா, கூடப் பிறந்த தம்பி! அவங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

"அட, அக்கா! நல்லவேளை நீ இருக்க. சும்மா காத்து வாங்க ஏறினேன், இவர் பயந்துட்டார். வா, உன் வீட்டுக்கே போலாம்."

சொல்லிட்டுச் சிரிச்சான் பாருங்க, போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துடுச்சு. அக்கா சிரிக்கல. போன வாரம்தான் உயிரா வச்சிருந்த கேமராவை இவங்க மகனுக்குத் தூக்கிக் குடுத்திருந்தான். வேற எவனாவது அப்படிக் குடுத்தான்னு கேள்விப்பட்டிருந்தா, 'சாக முடிவு பண்ணிட்டுத்தான் சாமானைப் பங்கு வைக்கிறான், விடாதீங்க'ன்னு கத்தியிருப்பாங்க. தம்பி குடுத்தப்போ, பரவாயில்லையே, அம்மா போன துக்கத்துல இருந்து தேறிட்டானேன்னு சந்தோஷப்பட்டுத் தொலைச்சாங்க. படிச்ச படிப்பு எங்க போச்சோ!

சொந்தக்காரனை உள்ள வைக்க டாக்டரே உத்தரவு போடக் கூடாது. வேற டாக்டர் வர ரெண்டு மணி நேரம் ஆகும். டாக்டர் உத்தரவோ, வீட்டு ஆள் எழுதிக் குடுத்த கடுதாசியோ இல்லன்னா ஒரு மணி நேரத்துல கதவைத் திறந்து விட்டுடணும். அவனுக்கு இருக்கிற வீட்டு ஆள் இந்த அக்கா மட்டும்தான். கூட்டிட்டுப் போகவும் வழியில்லை, அவங்க வீடு ஏழாவது மாடி.

பெரிய டாக்டருக்குப் போன் பண்ணாங்க. "நீ வீட்டு ஆளாக் கையெழுத்துப் போடும்மா. சாவியை நர்ஸ்கிட்ட குடு. நான் வர்ற வரைக்கும் நீ அங்க டாக்டர் இல்லை."

தம்பி பார்த்துக்கிட்டே இருந்தான். "போடாத அக்கா. அம்மாவுக்கு அப்புறம் எனக்கு நீதானே?"

அக்கா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நர்ஸ் சாவியை வாங்கி வெளிய போய்ப் பூட்டினாங்க. அக்காவும் தம்பியும் உள்ள, எதிரெதிர் நாற்காலியில. பூட்டுற சத்தம் கேட்டதும் அவன் சிரிப்பு செத்துப் போச்சு.

"நீயா என்னை அடைச்சு வச்ச? செத்தாலும் இனிமே உன்கூடப் பேச மாட்டேன்."

"பேசாதடா," கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க டாக்டரம்மா. "உயிரோட இருந்து பேசாம இரு."